பேரி மரத்தடியில் ஒரு பச்சைத் திட்டு

அன்புள்ள அக்கா,

நான் இப்போது திண்டுக்கல்லில் குடியிருக்கும் அறைக்குக் கீழே ஒரு மரப் பட்டறை இருக்கிறது. அங்கே வேலை செய்கிறவர்கள் வழக்கமாக டப்பாவில் வரும் வெள்ளைப் பசையைத்தான் பயன்படுத்துவார்கள். இன்று காலை ஏதோ பழைய நாற்காலியைப் பிரித்துப் பூட்டும் வேலை போலிருக்கிறது, வஜ்ஜிரப் பசையை ஊறப்போட்டுக் காய்ச்சினார்கள். தோலும் எலும்பும் வெந்து இளகுகிற அந்த வாடை மாடிப்படி ஏறி வந்தது. பக்கத்து அறைப் பெண் துப்பட்டாவால் மூக்கைப் பொத்திக்கொண்டு கதவைச் சாத்தினாள். நான் என் கதவைத் திறந்து வைத்தேன்.

உங்கள் வீட்டுப் பின்பக்கத்துக் கல்லடுப்பில், பிஸ்கட் தகரத்தில் நீங்கள் வஜ்ஜிரம் காய்ச்சும்போது மேல் வீட்டுக்காரர் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று கேட்பார். "என்ன, இன்னைக்குக் கறிக்கொழம்பா?" நீங்கள் திரும்பிப் பார்க்காமலே சொல்வீர்கள். "ஆமா, தட்ட எடுத்துக்கிட்டு வாங்க."

இந்த வாடை வந்தால் அந்த அடுப்பு மட்டும் நினைவுக்கு வந்தால் போதும். ஆனால் உங்கள் ஊர்க் கோயில் ஹாலின் கடைசி பெஞ்சும் சேர்ந்தே வந்துவிடுகிறது. அன்றைக்கு அந்த பெஞ்சிலிருந்து எழுந்து நின்று நான் ஒரு வரி சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. அதற்குப் பிறகு நீங்கள் இருந்த இரண்டு வருடத்திலும் உங்களிடம் அதைப் பற்றி வாயைத் திறக்கவில்லை. இதை எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் அதுதான்.

உங்களை முதலில் பார்த்தது பேருந்தில். நான் அப்போது முதுகலை வரலாறு கடைசி ஆண்டு. பழனி மலையில் படம் வரைந்த பெண்களைப் பற்றி ஆய்வேடு எழுத வேண்டும் என்று எடுத்துக்கொண்டிருந்தேன். தலைப்பைக் கேட்டதும் எங்கள் துறை ஆசிரியைக்குப் பிடித்துவிட்டது. எங்கள் ஊர் கவுஞ்சியில் பூண்டு உரித்துக்கொண்டிருந்த என் அம்மாவுக்கு அது ஒன்றும் விளங்கவில்லை. "படம் போட்டவுகளத் தேடித்தான் இம்புட்டுப் படிப்பா?" என்றார். எங்கள் வீட்டில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான். அம்மாவுக்கு எப்படி விளக்குவது என்று எனக்கும் தெரியவில்லை.

கோடைக்கானலில் நான் தேடிய இடங்களில் பெண்கள் வரைந்த படங்கள் இருக்கத்தான் செய்தன. ஒரு பழைய நூலகத்தின் பீரோவில், துரைமார் வீட்டுப் பெண்கள் நீர்வண்ணத்தில் வரைந்த ஏரியும் பாறைகளும் ஆல்பம் ஆல்பமாக இருந்தன. ஒவ்வொன்றின் அடியிலும் மெல்லிய கோட்டில் பெயரும் ஆண்டும். எல்லாவற்றையும் குறித்துக்கொண்டு போனேன். ஆசிரியை பட்டியலைப் பார்த்துவிட்டு, "உங்க ஊர்ப் பொண்ணு ஒருத்திகூட இல்லையேம்மா" என்றார். எனக்கு முகம் சுண்டிப்போயிற்று. அவர் குறையாகச் சொல்லவில்லை. ஆனால் எனக்கு ஏனோ நானே வரையாமல் விட்டதைப் போல இருந்தது.

அதே வாரம், மூஞ்சிக்கல் நிறுத்தத்தில் ஏறிய பேருந்தில் எனக்கு முன் இருக்கையில் நீங்கள் கம்பியைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தீர்கள். லாட்ஜ் வேலைக்காரர்களுக்குத் தருகிற மெரூன் கோட்டு. பத்து விரல் நகங்களுக்குள்ளும் நீலம். துணிக்குப் போடுகிற நீலம் என்றால் விரல் முழுக்கப் பரவியிருக்கும். இது நகக்கண்ணில் மட்டும், பொடியாக, ஏறியிருந்தது. கேட்க வாய் வரவில்லை. பள்ளங்கி போகிற வழியில் நீங்கள் இறங்கினீர்கள், நானும் இறங்கிவிட்டேன். மேகம் இறங்கியிருந்தது. உங்கள் பின்னால் பத்தடி தள்ளி நடந்தேன். ரெண்டாவது வளைவில் நின்று திரும்பினீர்கள்.

"ஏம்மா, ரொம்ப நேரமா பின்னாடியே வாறியே. பாத்ரூம் போகணுமா? கூச்சப்படாமச் சொல்லு, வீடு இந்தாத்தான் கெடக்கு."

இல்லை என்று தலையாட்டி, உங்கள் விரலைக் காட்டினேன். நீங்கள் கையை நீட்டிப் பார்த்துவிட்டுச் சிரித்தீர்கள். "இதுவா? இது வானம். சோப்புப் போட்டாலும் போக மாட்டேங்குது."

தவக்காலம் தொடங்கியிருந்த நேரம் அது. இயேசுவின் பாடுகளை நடிக்கிற பாஸ்கா நாடகத்துக்கான படுதாக்களைப் பழுது பார்த்துக்கொண்டிருந்தீர்கள். கெத்சமனித் தோட்டம், பிலாத்து அரண்மனை, கல்வாரி என்று மூன்று படுதாக்கள். நாடக மேடையின் பின்னால் தொங்குகிற, ஒவ்வொன்றும் ஒரு வீட்டுச் சுவர் அளவு காடாத் துணிகள். மழைக்காலத்தில் பூஞ்சை பிடித்த இடங்களைச் சுரண்டி, பொடி வண்ணத்தை வஜ்ஜிரத்தில் குழைத்து மறுபடி பூசுவீர்கள். முன்பு மதுரையிலிருந்து ஒருவர் வந்து வரைந்து கொடுத்த படுதாக்கள் ஒரு மழையில் நைந்துபோக, அவரும் வர முடியாமல் போக, "நான் ஒரு கை பாக்கட்டுமா?" என்று கேட்டு நீங்கள் வரைந்தவை இவை. எந்த வருடம் என்று கேட்டேன். "மக வயித்துல இருந்தா. குனிய முடியாம ஒக்காந்துக்கிட்டே வரைஞ்சேன். அதான் கீழ புல்லெல்லாம் அம்புட்டு நல்லாருக்கும், மேல மேகம் கொஞ்சம் சுமார்." என் படிவத்தில் ஆண்டு என்ற கட்டத்தில் உங்கள் மகளின் வயதைக் கழித்து எழுதினேன்.

அத்தை என்று கூப்பிட்டதற்குக் கோபித்துக்கொண்டீர்கள். "லாட்ஜுல மேனேஜர் மொதக்கொண்டு அக்கான்னுதான் கூப்பிடுறாக. நீ மட்டும் ஏன் என்னயக் கெழவியாக்குற?" அன்றிலிருந்து அக்கா.

ஞாயிற்றுக்கிழமைகளிலும் விடுமுறைகளிலும் வந்துகொண்டே இருந்தேன். ஹாலின் தரையில் படுதாவை விரித்து, அதன் மேலேயே வெறுங்காலுடன் நடந்து, வெள்ளையடிக்கிற மட்டையால் நீங்கள் வரைவீர்கள். எனக்குக் கொடுத்த வேலை ஒன்றுதான். "நீ போயிக் கடைசி பெஞ்சுல ஒக்காரு. அங்கேருந்து பாத்தா மரம் மரமாத் தெரியுதான்னு சொல்லு." பெரிய படுதாவைக் கயிற்றில் ஏற்றியதும் நான் ஓடிப்போய் உட்காருவேன். கிட்டத்தில் வெறும் திட்டுத் திட்டாக இருந்தது அங்கிருந்து கிளையும் நிழலுமாக மாறும். சீடர்களின் முகத்தில் மூக்கே இல்லையே என்று ஒருநாள் கேட்டேன். "தூரத்துல தூங்குறவனுக்கு மூக்கு எதுக்கு?" என்றீர்கள்.

கெத்சமனியில் ஒலிவ மரங்களுக்குப் பதில் பேரிக்காய் மரங்கள் நின்றன. பட்டையில் பாசி படர்ந்த, கிளை தாழ்ந்த, நம் ஊர்ப் பேரி. பின்னணியில் மலைச்சரிவு படிப்படியாக இறங்கியது, பூண்டு போட்ட வயல் மாதிரி. "ஒலிவ மரம் நான் பாத்ததில்லம்மா. பாக்காததப் போட்டா பொய்யாப் போயிரும். சாமி பேரி மரத்தடியில ஜெபம் பண்ணினா ஆகாதா?" எங்கள் வகுப்பில் படித்த எந்தப் பாடத்தையும்விட அது எனக்குத் தெளிவாக இருந்தது. அதை அப்படியே எழுதி ஆசிரியையிடம் கொடுத்தேன்.

அவர் படித்துவிட்டு மகிழ்ந்தார். பிறகு கேட்டார். "படத்துல பேர் எங்கம்மா?"

பெயர் இல்லை என்றேன். இடது மூலையில் மட்டும் 'உபயம்' என்று போட்டு, துணி வாங்கிக் கொடுத்த குடும்பத்துப் பெரியவரின் பெயர் கொட்டை எழுத்தில் இருக்கும். உங்கள் கோயிலில் பெஞ்சு, டியூப்லைட், கோயில் மணிக் கயிறு எதுவானாலும் கொடுத்தவர் பெயர் உண்டு. பெஞ்சு செய்த ஆசாரியின் பெயரை எதிலும் பார்த்ததில்லை. அது அங்கே யாருக்கும் விநோதமாகவும் தெரியவில்லை.

"பேர் இல்லாத படத்த அவங்க வரைஞ்சதுன்னு நான் எப்படி எடுத்துக்கறது? நாளைக்கு வைவால கேப்பாங்க. மதுரை ஆர்ட்டிஸ்ட் வரைஞ்சதுன்னு ஊர்ல நாலு பேர் சொன்னா நீ என்ன பண்ணுவே?"

அப்படிச் சொல்கிற நாலு பேர் உண்மையிலேயே இருந்தார்கள். மதுரைக்காரரின் படுதா மக்கிப்போய்ப் பல வருடம் ஆகியும், "மதுரை ஆர்ட்டிஸ்ட் படுதா" என்ற பேச்சு ஊரில் மாறவில்லை.

அதற்கடுத்த ஞாயிறு நான் செய்ததை இப்போது எழுதவே கை கூசுகிறது. புனித வெள்ளிக்கு இரண்டு வாரம் இருந்தது. "அக்கா, வலது பக்கம் மரத்தடியில உங்க பேர எழுதுங்களேன்" என்றேன்.

நீங்கள் மட்டையைத் தகரத்தில் வைத்தீர்கள். "சாமி படத்துலயா? எதுக்கு?"

"புத்தகத்துல போட்டோ போடணும். பேர் இருந்தாத்தான் நம்புவாங்க."

கொஞ்சம் யோசித்தீர்கள். "எழுதிப் போட்டோ புடிச்சிட்டு ஈரத்துணியால தொடச்சிருவமா?"

"ம்" என்றேன். சிமெண்டுத் தரையில் தண்ணீர் தொட்டு இரண்டு மூன்று முறை எழுதிப் பழகினீர்கள். ரேஷன் கடையிலும் லாட்ஜ் வருகைப் பதிவேட்டிலும் பேனாவால் எழுதுகிற பெயர், மட்டையில் எழுதும்போது உங்களுக்கே புதிதாக இருந்திருக்க வேண்டும். நாக்கை ஓரமாகக் கடித்துக்கொண்டு, பேரி மரத்தின் வேருக்குப் பக்கத்தில், சாண் நீளத்துக்கு எழுதினீர்கள். கைப்பேசியில் எடுத்தேன். தூரத்திலிருந்து ஒன்று, கிட்டத்தில் நான்கு.

நீங்கள் துணியை நனைத்துக்கொண்டு வந்தீர்கள். அப்போது நான், "இருக்கட்டும் அக்கா. சின்னதாத்தானே இருக்கு. யாரு பாக்கப் போறா?" என்றேன்.

ஆசிரியைக்காகக் கேட்டது போட்டோ வரைக்கும்தான். அதற்கு மேல் அந்த வார்த்தை என்னுடையது. பெயர் அங்கேயே நின்றால் நல்லது என்று எனக்குத் தோன்றியது. அந்த நூலகத்து ஆல்பங்கள் மனதில் இருந்தன. உங்கள் ஊரில் உங்கள் பெயருக்கு என்ன ஆகும் என்று நான் யோசிக்கவில்லை. நீங்கள் ஈரத்துணியோடு கொஞ்ச நேரம் அங்கேயே நின்று பார்த்தீர்கள். பிறகு அதை உதறிக் கொடியில் போட்டுவிட்டு, "மேகத்துக்கு இன்னொரு கை போடணும்" என்று வேறு பேச்சுக்குப் போய்விட்டீர்கள். அது உங்களுக்குப் பிடித்திருந்ததா, எனக்காக விட்டீர்களா? இதை நான் கேட்டதே இல்லை.

பாஸ்கா அன்று நான் வரவில்லை, எங்கள் வயலில் உருளைக்கிழங்கு எடுப்பு. ஈஸ்டர் முடிந்த ஞாயிறு வந்தேன். பிரதி எடுத்த படங்களை உங்களிடம் காட்ட வேண்டும் என்று பையில் வைத்திருந்தேன். திருப்பலி முடிந்து, ஹாலில் பங்கு மக்கள் கூட்டம் என்றார்கள். நீங்கள் பெண்கள் பக்கம் முன்னால் இருந்தீர்கள். நான் பழக்கப்பட்ட இடத்தில், கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்தேன்.

வரவு செலவு, மாதா கெபியின் சுவர் எல்லாம் பேசி முடித்த பிறகு துணி உபயம் கொடுத்த வீட்டுக்காரர் எழுந்தார். "ஃபாதர், கெத்சமனி படுதாத் துணி எங்கப்பா உபயம். அது ஊருக்கே தெரியும். அவுக பேரு இந்தப் பக்கம் இருக்கு. இப்ப அந்தப் பக்கம் புதுசா ஒரு பேரு மொளச்சிருக்கு. அது என்ன உபயம்னு கொஞ்சம் கேட்டுச் சொல்லுங்க."

சிரிப்பு எழுந்தது. பெண்கள் பக்கத்திலிருந்து ஒரு குரல். "சுவிசேஷம் நாலுதான இருந்துச்சு, அஞ்சாவது எழுதியிருக்காக போல." இன்னும் பெரிய சிரிப்பு.

ஃபாதர் சிரிக்கவில்லை. உங்கள் பக்கம் திரும்பி மெதுவாகத்தான் கேட்டார். "யாரும்மா போடச் சொன்னது?"

நீங்கள் எழுந்து நின்றீர்கள். முந்தானையை இழுத்துத் தோளில் போட்டீர்கள். உடனே பதில் சொல்லவில்லை. வெளியே ஏதோ ஜீப் மேட்டில் ஏற முடியாமல் இரைந்துகொண்டிருந்தது.  எழுந்தால் எல்லாத் தலையும் திரும்பும். நான் அந்த ஊர் இல்லை, அந்தக் கோயிலும் இல்லை, பெரியவர்கள் பேசுகிற இடத்தில் ஒரு சின்னப் பெண். அந்தச் சில நொடிகளில் இத்தனை காரணங்களும் எனக்கு எப்படித்தான் கிடைத்தனவோ. பெஞ்சின் ஓரத்தில் பெயர்ந்திருந்த மரச் சிலாம்பை நகத்தால் நெம்பிக்கொண்டே இருந்தேன்.

"யாரும் சொல்லலீங்க ஃபாதர். நானாத்தான் போட்டேன். தப்புத்தான்."

"இத்தன வருசமா இல்லாத ஆச இப்ப எதுக்கு வந்துச்சு?" என்றார் உபயக்காரர்.

"வயசாகுதுல்லண்ணே. ஆச வந்திருச்சு" என்றீர்கள். எல்லோரும் சிரித்தார்கள், நீங்களும் சிரித்தீர்கள். "சரிம்மா, அழிச்சிருங்க. இதுல பெரிசா ஒண்ணுமில்ல" என்று ஃபாதர் முடித்துவைத்தார். பேச்சு மறைக்கல்வி வகுப்புக்குப் போயிற்று.

அன்று மதியமே படுதாவை இறக்கி விரித்தீர்கள். இத்தனை நாளில் வண்ணம் துணியில் ஏறிவிட்டது, ஈரத்துணிக்குப் போகவில்லை. மேலே புல் வரைந்துதான் மறைக்க வேண்டும். "அந்தப் பச்சையக் கொஞ்சம் கலக்கிக் குடும்மா" என்றீர்கள். அக்கா, நான் கலக்கிக் கொடுத்தேன். உங்கள் பெயரின் மேல் பூசுவதற்கு, என் கையால். ஈரத்தில் ஒரு நிறம், காய்ந்தால் ஒரு நிறம், காய்ந்த பிறகு என்ன வரும் என்று நினைத்துத்தான் குழைக்க வேண்டும் என்று நீங்கள் எத்தனையோ முறை சொல்லியிருக்கிறீர்கள். எனக்கு அது கைவரவில்லை. காய்ந்ததும் அந்த இடம் மட்டும் மற்றப் புல்லைவிட வெளிறி நின்றது. நீங்கள் பார்த்தீர்கள், திருத்தவில்லை. "வெரசாக் கெளம்பு, பஸ் போயிரும்" என்று மட்டும் சொன்னீர்கள். படங்கள் என் பையிலேயே இருந்தன.

ஆய்வேடு நன்றாக வந்தது என்றார்கள். வைவாவில் வெளியிலிருந்து வந்த பேராசிரியர் அந்தக் கிட்டத்துப் படத்தைக் காட்டி, "இந்த மாதிரி ஆதாரம் கிடைக்கறது அபூர்வம்" என்றார். படத்துக்குக் கீழே நான் எழுதியிருந்தது, 'ஓவியரின் கையொப்பத்துடன்' என்று. பல வருடம் பெயரில்லாமல் தொங்கிய படுதா அது. கையொப்பம் அதில் இருந்தது மூன்று வாரம்தான், நான் சொல்லி எழுதியது, அதுவும் இப்போது அங்கே இல்லை. இவற்றில் ஒன்றையும் நான் அங்கே சொல்லவில்லை. அந்த அறையிலும் வாயடைத்துத்தான் உட்கார்ந்திருந்தேன். அதற்கு அவர்கள் அடக்கம் என்று பெயர் வைத்தார்கள்.

ஒருமுறை நீங்களே கூப்பிட்டீர்கள். பின்னால் லாட்ஜின் வாஷிங் மெஷின் சத்தம். "புத்தகம் வந்திருச்சாம்மா?" வந்து நான்கு மாதம் ஆகியிருந்தது. நீல அட்டை போட்ட பிரதி என் மேசையில் இருந்தது. "வரும் அக்கா" என்றேன். கொண்டுவந்து கொடுத்தால் அந்தப் பக்கத்தைத் திறப்பீர்கள். திறந்தால் நான் ஏதாவது சொல்ல வேண்டியிருக்கும். "சரி சரி, சோலியப் பாரு. வரும்போது வா" என்று வைத்துவிட்டீர்கள்.

அடுத்த தவக்காலத்தில் படுதாவைச் சரிபார்க்க உங்களைக் கூப்பிட்டார்களாம். கண் சரியாகத் தெரியவில்லை என்று சொல்லிவிட்டீர்களாம். இதை எனக்குச் சொன்னவர் உங்கள் மேல் வீட்டுக்காரர். டவுனில் பார்த்தபோது, "வஜ்ஜிர நாத்தம் இல்லாம நிம்மதியா இருக்கு, ஆனா என்னமோ மாதிரியும் இருக்கு" என்றார். லாட்ஜ் ஜன்னலில் நின்று, ஏரிக்கு அந்தக் கரையில் போகிற குதிரை ஆணா பெண்ணா என்று சொல்கிற கண் உங்களுடையது. எனக்குத் தெரியும். அப்போதும் நான் உங்கள் வீட்டுக்கு ஏறி வரவில்லை.

நீங்கள் போன செய்தி எனக்கு ஐந்து நாள் கழித்துத்தான் கிடைத்தது. கவுஞ்சியில் மழைக்கு டவர் போயிருந்தது. சிக்னல் வந்ததும் கைப்பேசியில் உங்கள் எண்ணிலிருந்து ஒரு செய்தி, உங்கள் மகள் அனுப்பியது. "அம்மா தவறிட்டாங்க. நாளைக்கு மூணு மணிக்கு அடக்கம்." அந்த நாளை எப்போதோ முடிந்திருந்தது. பூண்டு மூட்டைக்குப் பக்கத்தில் நின்று அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். அம்மா என்னவென்று கேட்டார். தெரிந்த ஒருத்தங்க என்றேன்.

இந்த வருடம் சென்னையிலிருந்து ஒரு பதிப்பாசிரியர் எழுதினார். பேர் தெரியாமல் போன பெண் ஓவியர்களைப் பற்றி ஒரு தொகுப்பு, அதில் உங்கள் கெத்சமனி வேண்டும், கையொப்பத்தோடு இருக்கிற படம் வேண்டும் என்று. உங்களிடம் ஒருமுறை கேட்காமல் செய்தது போதும், இந்த முறை கேட்டுவிட்டுத்தான் கொடுப்பது என்று உங்கள் மகளைப் பார்க்கப் போனேன். டவுனில் ஒரு ஹோட்டல் வரவேற்பில் வேலை பார்க்கிறாள். உங்களைப் போலவே நிற்கிறாள், ஒரு காலில் பாரம் போட்டு. டீ குடிக்கிற இடைவேளையில் வெளியே வந்தாள். நான் நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். எழுதச் சொன்னது நான், அழிக்க வேண்டாம் என்றது நான், ஹாலில் வாய் திறக்காமல் உட்கார்ந்திருந்தது நான்.

அவள் டீயை ஊதிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தாள். "தெரியும்க்கா. அம்மா சொல்லுச்சு."

"என்ன சொன்னாங்க?"

"அந்தப் புள்ள எந்திரிக்கும்னு நெனச்சேன்னு சொல்லுச்சு. ஒரே ஒரு தடவதான். பெறகு அதுவே, பாவம், அதுக்குக் கூச்சம்னும் சொல்லிக்கிச்சு."

 வாசல் படியில் உட்கார்ந்துவிட்டேன். அவளும் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"பேரப் போடுங்க" என்றாள். "ஆனா நீங்க சொல்லித்தான் போட்டாங்கன்னும் சேத்துப் போடுங்க. எங்கம்மா திமிர்ல போட்டுக்கிச்சுன்னு இன்னமும் ரெண்டு பேரு சொல்றாங்க. சாவு வீட்டுலயே சொன்னாங்க."

கோயிலில் வந்து எல்லோர் முன்னாலும் சொல்லட்டுமா என்று கேட்டேன். இந்த முறை நிஜமாகவே எழுந்து நிற்பேன் என்றுதான் கேட்டேன். அவள் தலையை ஆட்டினாள். "வேணாம்க்கா. நீங்க சொல்லிட்டு பஸ் ஏறிப் போயிருவீங்க. நாங்க இங்கயே இருக்கணும். மறுபடியும் அதையே பேச ஆரம்பிப்பாங்க. அம்மா இருக்கையில சொல்லியிருந்தீங்கன்னா அது வேற." அவள் குரலில் கோபம் இல்லை. டம்ளரைக் கழுவி வைத்துவிட்டு உள்ளே போனாள்.

படத்துக்கு ஒரு குறிப்பு எழுதினேன். ஓவியம் வரையப்பட்டபோது இதில் வரைந்தவர் பெயர் இல்லை, பின்னாளில் ஆய்வாளரின் வேண்டுகோளின் பேரில் எழுதப்பட்டது, ஊராரின் ஆட்சேபத்தால் அவராலேயே மறைக்கப்பட்டது, அந்த ஆட்சேபம் எழுந்தபோது ஆய்வாளர் அங்கிருந்தும் உண்மையைச் சொல்லவில்லை என்று. திருத்தி வந்த பிரதியில் கடைசிப் பகுதி அடிக்கப்பட்டிருந்தது. பதிப்பாசிரியருக்குத் தொலைபேசியில் பேசினேன். தெரியாதவர்களைக் கூப்பிட்டுப் பேசுவது எனக்கு எவ்வளவு கஷ்டம் என்று உங்களுக்குத் தெரியும். என்ன பேச வேண்டும் என்பதைத் தாளில் எழுதி வைத்துக்கொண்டுதான் எண்ணை அழுத்தினேன்.

"நல்லாத்தான் இருக்கு, ஆனா அது உங்க சொந்த விஷயமா இருக்கேம்மா. படம் பாக்கறவங்களுக்கு அது எதுக்கு?" என்றார். நல்ல மனிதர், எனக்காகத்தான் அடித்திருக்கிறார்.

"அந்தப் பேர் ஏன் அங்க வந்துச்சு, ஏன் போச்சுங்கறது அதுலதாங்க இருக்கு" என்றேன். தாளில் இல்லாத வார்த்தை அது. "அது இல்லன்னா அவங்க ஆசப்பட்டு எழுதிக்கிட்டாங்கன்னுதான் ஆகும். படத்தையே எடுத்துருங்க, பரவால்ல."

அவர் தாள்களைப் புரட்டுகிற சத்தம் கேட்டது. பிறகு, "சரி, சின்ன எழுத்துல வரும்" என்றார்.

புத்தகம் வந்தது. பக்கத்தின் மேலே உங்கள் பெயர், நூலகத்து ஆல்பங்களில் அந்தச் சீமாட்டிகளின் பெயர் இருந்த அளவுக்கே. அடியில், கண்ணைச் சுருக்கிப் படிக்க வேண்டிய அளவில், என் வரி. ஒரு பிரதியை உங்கள் மகளிடம் கொடுத்தேன். அவள் பக்கத்தைத் திறந்து விரலால் தடவிப் பார்த்துவிட்டு, ஹோட்டல் கவரில் போட்டுப் பைக்குள் வைத்துக்கொண்டாள். அந்த ஹாலில் அன்று இருந்தவர்கள் ஒருவர்கூட இதை வாங்கிப் படிக்கப் போவதில்லை. அங்கே நீங்கள் சொன்னதுதான் இன்னும் நிற்கிறது. நீங்களாகத்தான் போட்டீர்கள். ஆசை வந்துவிட்டது.

ஃபாதர் கேட்டதற்கும் நீங்கள் பதில் சொன்னதற்கும் நடுவில் கொஞ்சம் நேரம் இருந்தது, அக்கா. முந்தானையைச் சரி செய்தீர்கள், என்ன சொல்வது என்று யோசிக்கிறீர்கள் என்றுதான் அப்போது நினைத்தேன். உங்களுக்கு யோசிக்க என்ன இருந்தது? உண்மை ஒரே ஒரு சொல்தான். என் பெயரைச் சொல்லியிருக்கலாம். அதைச் சொல்லாமல், நானே சொல்லட்டும் என்று எனக்கு விட்டு வைத்த நேரம் அது. நான் எழவில்லை என்று ஆன பிறகுதான் நீங்கள் வாயைத் திறந்தீர்கள்.

இப்போது நான் ஒரு கல்லூரியில் தற்காலிகமாகப் பாடம் எடுக்கிறேன். துறைக் கூட்டத்தில் யாராவது, "இதை யார் செஞ்சது?" என்று கேட்டுவிட்டு நிறுத்தினால், அந்த அமைதி இரண்டு நொடிகூட ஆகியிருக்காது, நான் எழுந்து நிற்கிறேன். பல நேரம் அது என் காரியமாகவே இருப்பதில்லை. எழுந்து நின்று திகைத்துவிட்டு உட்கார்ந்ததும் உண்டு, அதைச் சொல்லிச் சிரிக்கிறார்கள். இந்தப் பெண்ணுக்குக் கூச்சமெல்லாம் போய்விட்டது என்று ஒரு பேராசிரியர் சொன்னார். கூச்சம் அப்படியேதான் இருக்கிறது, அக்கா. அந்த அமைதிக்குள் என்னால் உட்கார்ந்திருக்க முடிவதில்லை.